பெரிய எழுத்து

மூக்கு நுனியில் கறுப்பாக ஒரு மைப்பொட்டு. அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் வருகிறது. அந்நாளைய வாரப்பத்திரிகை மை எல்லோருக்கும் விரலில் ஒட்டும், அவளுக்கு மூக்கில் ஒட்டியது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் உண்டு. பிற்பகல் வெயில் அங்கே நேராக விழும். அம்மா கண்ணயர்ந்ததும் அக்கா பத்திரிகையைத் தாவணிக்குள் சுருட்டிக்கொண்டு அங்கே போய்விடுவாள். தாளை முகத்தோடு ஒட்டிப் பிடித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எழுத்தைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் வேறெதையோ பார்ப்பவள்போல் படிப்பாள். எழுந்து வரும்போது நான் பாவாடை நுனியை ஈரமாக்கி அவள் மூக்கைத் துடைத்துவிட வேண்டும். அம்மா கண்ணில் அந்த மை பட்டுவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது.

போன வருஷம் அக்காவுக்காக ஈ-ரீடர் ஒன்று வாங்கப் போனேன். கடையில் இருந்தவர், “போன்லயே எல்லாம் படிக்கலாமே மேடம், புஸ்தகம் படிக்க மட்டும் தனியா ஒண்ணு என்னத்துக்கு?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதன் பதில் கடை வாசலில் நின்று சொல்லி முடிவதல்ல.

அக்கா கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது கரும்பலகை மங்க ஆரம்பித்தது. பிறகு பாடப்புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போனது. ராஜபாளையத்துக் கண்ணாடிக் கடையில் மாற்றி மாற்றிக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்கள். எதுவும் உதவவில்லை. மில்லில் மேஸ்திரியாக இருந்த அப்பா லீவு போட்டு அவளை மதுரைக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் விளக்கமாகச் சொன்னாராம். பார்வையின் நடுப்பகுதி தேய்ந்துகொண்டு வருகிறது, கண்ணாடியாலோ ஆபரேஷனாலோ அது திரும்பாது. ஓரப்பார்வை நிற்கும், நடமாடலாம், வேலை செய்யலாம், படிப்பதால் கண் கெட்டுப்போகாது. கடைசியாக ஒன்று சொன்னார். இது கூடப்பிறந்தவர்களுக்கும் வரக்கூடும், தங்கச்சியையும் ஒருமுறை அழைத்து வாருங்கள்.

அம்மா என்னை அனுப்பவில்லை. பதில் என்னவாக இருக்குமோ என்ற பயம். அக்காவைக் கல்லூரியிலிருந்து நிறுத்தினாள். உறவில் ஒருவரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாள். பிறகு அந்தக் கட்டளையைப் போட்டாள்.

“ஏட்டி, கையில புஸ்தகம் இல்லாட்டி ஒங்கிட்ட ஒரு கொறையும் வெளிய தெரியாது. புஸ்தகத்த எடுத்தேன்னு வையி, ஊரு பூரா தெரிஞ்சுபோவும்.”

அது உண்மை. அக்கா தண்ணீர்க் குடத்தோடு தெருவில் நடந்தால் யாருக்கும் வித்தியாசம் தோன்றாது. கோலம் போடுவாள், அரிசியில் கல்லை விரலால் தடவியே எடுத்துவிடுவாள், எதிரே வருபவரைக் குரலை வைத்தே பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். ஒரு தாளை எடுத்தால்தான் குட்டு உடையும். ஆகவே எங்கள் வீட்டில் கண்ணை மறைப்பதற்காகப் புத்தகத்தை மறைக்க வேண்டியதாயிற்று. அவளோ படிக்காமல் இருக்க முடியாதவள். மளிகைச் சாமான் கட்டிவந்த தாளைக்கூட நீவி எடுத்து வைத்துக்கொள்வாள். பின்கட்டில் அவள் படித்துக்கொண்டிருக்கும்போது நான் நடைவாசலில் உட்கார்ந்து, உள்ளே அம்மாவின் வளையல் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தபடியே இருப்பேன். மில் சங்கு ஊதினால்கூட எனக்குத் தூக்கிவாரிப்போடும்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது, அதை யாரிடமும் சொன்னதில்லை. காலையில் எழுந்ததும் சுவரில் மாட்டிய நாள்காட்டியைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். அடியில் பொடியாக நல்ல நேரம் போட்டிருக்கும். அது தெரிந்தால் அன்றைய பொழுது என்னுடையது. கண்ணில் பீளை இருந்து சற்று மங்கினால் முகத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி பார்ப்பேன். பள்ளிக்கூடத்தில் நான் கடைசிப் பெஞ்சுக்குப் போக அடம்பிடித்தேன், அங்கிருந்தும் கரும்பலகை தெரிகிறதா என்று சோதித்துக்கொள்ள.

நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம். வீட்டில் வைத்துப் பார்த்தால் அக்கம்பக்கம் கூடும் என்பதால் அவர்கள் ஊர்க் கோவிலிலேயே பார்ப்பது என்று பேச்சு. அம்மா எங்களுக்கு ஒத்திகையே வைத்தாள். நான் அக்காவின் இடது கையை விடக்கூடாது. படி வந்தால் ஒரு அழுத்து. பெரியவர்கள் எதிரே வந்தால் இரண்டு அழுத்து, அவள் கும்பிட வேண்டும். மாப்பிள்ளையின் அம்மா எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் தாழ்ந்த குரலில் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் போகும்போதே என் உள்ளங்கை வேர்த்து அவள் கையிலிருந்து வழுக்கியது. “இம்புட்டு ஏன் நடுங்குத? பாக்க வாரது என்னையல்லா?” என்று அக்கா சிரித்தாள்.

கோவில் மண்டபத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அக்கா கும்பிட்டாள். கேட்டதற்கு நிதானமாகப் பதில் சொன்னாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது முகத்தில் தெரிந்தது. அம்மாவின் தோள் அப்போதுதான் கொஞ்சம் தளர்ந்தது. அந்த நேரம் பார்த்து, அவர்களோடு வந்திருந்த அத்தை ஒருத்தி, திருவிழா நோட்டீசைக் கைப்பையிலிருந்து எடுத்து அக்காவிடம் நீட்டினாள்.

“காலேஜுக்குப் போன பிள்ளையாம்லா. செத்த வாசி தாயி, கொரலக் கேப்போம். என் கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்.”

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சும்மா கேட்டாள். “அவ நல்லாப் பாடுவா மதினி, பாடச் சொல்லுங்க” என்று அம்மா முந்திக்கொண்டாள். “பாட்டும் கேப்போம், மொதல்ல இத வாசிக்கட்டும்” என்றாள் அத்தை. அப்பா தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கைக்குள் இருந்த அக்காவின் கையை நான் அழுத்தினேன். எதற்கு அழுத்தினேன் என்று இன்றும் தெரியாது, எங்கள் ஒத்திகையில் இதற்கு அடையாளம் இருக்கவில்லை.

அக்கா என் கையை விட்டாள். நோட்டீசை இரண்டு கையாலும் பிடித்து, எல்லோரும் பார்க்க, முகத்தோடு ஒட்டினாள். தலையைச் சாய்த்தாள். தேர் எந்தக் கிழமை, எந்நேரம் புறப்படும் என்று திக்கித் திக்கி, ஆனால் பிசகில்லாமல் வாசித்தாள். முடித்ததும் தாளை மடித்து, குரல் வந்த திசையில் நீட்டினாள்.

“எனக்குக் கண்ணு சரியில்ல. இப்பிடித்தான் படிப்பேன். அவியளுக்கு இது முன்னாலயே தெரியணும்ல” என்றாள். கூடவே, “படிக்காம இருக்க என்னால ஏலாது” என்று சேர்த்துக்கொண்டாள்.

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அக்காவின் தலையைத் தடவிவிட்டு, “போயி கடுதாசி போடுதோம்” என்றாள். கடுதாசி வரவில்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா முன்சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு பல மாதம் அக்காவோடு நேராகப் பேசவில்லை. “அவளைச் சாப்பிடச் சொல்லு” என்று என் வழியாகத்தான் வரும்.

செய்தி பரவியது. அடுத்ததாக உறவுக்காரர்களின் பார்வை என் மேல் திரும்பியது. ஒரு கல்யாண வீட்டில் ஒரு பெரியம்மா என் முகத்துக்கு நேரே விரல் நீட்டி, இது எத்தனை என்று கேட்டாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அந்த வாரமே, அம்மாவைக் கேட்காமல் என்னை மதுரைக்கு அழைத்துப் போனார். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் உட்கார வைத்து, விளக்கடித்துப் பார்த்தார்கள். உலகம் முழுக்கக் கலங்கித் தெரிந்த அந்த மதியத்தில், அக்காவுக்கு எப்போதும் இப்படித்தானோ என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலிலேயே நின்றாள். “என்ன சொன்னாக?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். மண்டபத்தில் அழாதவள் அன்றைக்கு அழுதாள். நான் காலையில் நாள்காட்டி பார்ப்பது அவளுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. நான் எதிர்ச் சுவரருகே மூச்சு விடாமல் நிற்பதைக் கேட்டுக்கொண்டே அவள் பாயில் படுத்திருப்பாளாம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாய் ஜெராக்ஸ் கடை போட்டார். புது மெஷின் எழுத்தைப் பெரிதாக்கும் என்று யாரோ சொல்ல, அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். நூலகத்திலிருந்து எடுத்த நாவலில் ஒரு பக்கத்தைக் கொடுத்தாள். பாய் பெரிதாக்கினார். அதையே மறுபடி மெஷினின் கண்ணாடியில் வைத்துப் பெரிதாக்கினார். ஒரு பக்கம் நான்கு பெரிய தாளாக வந்தது. சூடாக இருந்த தாளை அக்கா வாங்கி, மூக்கில் ஒட்டாமல், ஒரு முழம் தள்ளிப் பிடித்தாள். படித்தாள். “பாய், முழுப் புஸ்தகத்தையும் இப்பிடி எடுக்க முடியுமா?” என்றாள்.

“மூட்டையாயிருமேம்மா” என்றார் பாய்.

மூட்டையாகத்தான் ஆனது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவந்து, சணல் போட்டுக் கட்டி, கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ஒருநாள் நான் வேலை தேடும் விஷயமாக வெளியே போய்விட்டு வந்தால் வெந்நீர் அடுப்பில் பெரிய பெரிய எழுத்துகள் சுருண்டு எரிந்துகொண்டிருந்தன. அம்மா கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். அக்கா பக்கத்தில் நின்றாள். தடுக்கவில்லை. அடுப்பு வெளிச்சத்தில் அம்மாவின் முகம் இருந்த இருப்பைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

“எல்லாத்தையும் எரிச்சுரு” என்றாள் அக்கா. “நான் திரும்ப எடுப்பேன். நீ எரிச்சுக்கிட்டே இரு, நான் எடுத்துக்கிட்டே இருப்பேன். ரெண்டு பேர்ல யாரு மொதல்ல ஓயுதோன்னு பாப்போம்.”

பல மாதங்களுக்குப் பிறகு அம்மா அவளிடம் நேராகப் பேசியது அப்போதுதான். “அப்பிடி என்னதாம்ட்டி இருக்கு அதுல?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அசந்துபோன குரல் அது. கையில் மிச்சமிருந்த தாள்களைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த மாதம் அக்கா அந்தக் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். மெஷினின் பொத்தான்களை விரல் பழகிக்கொண்டது. சின்ன எழுத்து வந்தால், நாலு பேர் முன்னால் தாளை முகத்தில் ஒட்டித்தான் பார்ப்பாள். முதலில் வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பின்னால் அது பழகிப்போனது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதை ஒரு சோகமாக எழுத அவள் என்னை விடமாட்டாள், ஆகவே சொல்லிவிட்டு நகர்கிறேன். சில வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அம்மா கடைப்படி ஏறி வந்து, முந்தானையிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்து மேஜையில் வைத்தாளாம். “இதுல மண்டபத்துப் பேரு ஒரு எழவும் தெரியமாட்டேங்கு. எனக்கும் கொஞ்சம் பெருசாக்கிக் குடு” என்றாளாம். அம்மாவுக்கும் வயதாகியிருந்தது. இருவருக்கும் நடுவில் சமாதானம் என்று ஒன்று நடந்திருந்தால் அது அவ்வளவுதான்.

இவ்வளவையும் அந்தக் கடைக்காரரிடம் எப்படிச் சொல்வது? போனில் படித்துப் பார்த்தாகிவிட்டது. ஒரு வரிக்கு இரண்டு வார்த்தை வரும், அதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். வெளிச்சத்தில் கண்ணில் நீர் கொட்டியது. டேப்லெட்டின் கனம் மணிக்கட்டுக்கு ஆகவில்லை. கூட வேலை பார்த்த ஒருவரிடம் ஈ-ரீடரை இரவல் வாங்கி அக்கா கையில் கொடுத்தேன். வெயிலில் கூசாத திரை அவளுக்குப் பிடித்தது. ஆனால் அதில் தமிழ் எழுத்து ஓரளவுக்கு மேல் பெரிதாகவில்லை. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்து நின்றது. தமிழை உடைக்காமல் பெரிதாக்கும் அகலத் திரை வேண்டும், பக்கம் திருப்ப விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான் வேண்டும் என்று தேடித்தேடி ஒன்றைப் பிடித்தேன்.

வாங்கிய பிறகும் பாடு ஓயவில்லை. புத்தக எழுத்து வளர்ந்தாலும் மெனு எழுத்து வளராது. எங்கே தொட்டால் என்ன வரும் என்று இடம் இடமாக அவள் விரலைப் பிடித்துக் காட்டினேன். பழைய நூல்கள் பலவற்றைப் படமாகத்தான் ஏற்றியிருக்கிறார்கள். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். “இதுக்கு நம்ம பாய் மெஷினே தேவல” என்று திட்டினாள். புத்தகத்தில் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கைக்குத் தெரியவில்லை என்பது இன்னொரு குறை. ஆனாலும் அதைக் கீழே வைக்கவில்லை. ஒரு வரிக்கு மூன்று வார்த்தை என்று வைத்துக்கொண்டு, நாளெல்லாம் பொத்தானை அழுத்துகிறாள்.

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். பஸ்ஸில் கூட்டம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தாள். நான் இரண்டு சீட் தள்ளி நின்றேன். அவளுக்குப் பக்கத்தில், மடியில் காய்கறிப் பையோடு ஓர் அம்மாள். அந்தத் திரையின் எழுத்து எனக்கே நின்ற இடத்திலிருந்து தெரிந்தது. பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் வந்தது. அக்கா பொத்தானில் விரலை வைத்தபோது அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“செத்த பொறுங்கக்கா, திருப்பிராதீக. நான் இன்னும் அந்தக் கடைசி வரிக்கு வரல.”

அக்கா அவள் குரல் வந்த பக்கம் திரும்பினாள். கருவியை இருவருக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு, பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, அவள் முடிக்கும்வரை காத்திருந்தாள்.