சகாதேவனின் கால்வண்டி

வேதாவின் பிரவுசிங் சென்டர் வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்று எழுதி ஒட்டியிருக்கிறது. சகாதேவன் அதை மதிக்கிறவர். டி.வி.எஸ். ஐம்பதை வாசலில் நிறுத்திவிட்டுப் படியேறியதும் செருப்பைக் கழற்றுகிறார், ஒன்றோடொன்று தட்டித் தூசி போக்குகிறார், மடித்து வைத்திருந்த மஞ்சள் பையை உதறி அதற்குள் போடுகிறார். பிறகு பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே நடப்பு. மூலைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் பை மடிக்கு வந்துவிடும்.

“உங்க டயர் செருப்ப யாருண்ணா தூக்கினு போவப் போறாங்க?” என்பாள் வேதா.

“தூக்கினா தூக்கினு போவட்டும்மா. அப்பறம் வெறுங்கால்ல நான் எப்டி வண்டிய மெதிச்சி வூடு போய்ச் சேர்றது?”

வயது ஐம்பதை நெருங்குகிறது. ரோடு ரோலர் ஓட்டுவது தொழில். ஆளும் தோளும் ரோலருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கின்றன; உள்ளங்கால் மட்டும் கைக்குழந்தையின் கால். வீட்டுக்குள்ளேயே செருப்போடு நடக்கிறவர். காரணம் கேட்டால் ஒரே பதில்தான் வரும். “தார் மேல நடக்கறவனுக்கு இன்னா சார் தெரியும்? அதக் கொதிக்கக் கொதிக்கக் கொட்டி நசுக்கறவனக் கேளுங்க.”

நான் கடை இருக்கும் வேங்கிக்காலிலேயே, கலெக்டர் ஆபீசில் எழுத்தர். அவ்வப்போது பத்திரிகையில் ஏதாவது எழுதுவதால் என்னை அறிவாளி என்று நம்புகிறவர்கள் ஆபீசில் இரண்டொருவர் உண்டு. அவர்கள் யாரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேதாவின் கடைப்பக்கம் வருவதில்லை என்பது என் அதிர்ஷ்டம். அக்காள் மகளின் பரீட்சை ரிசல்ட் பார்க்கத்தான் முதலில் அங்கே போனேன். பக்கத்து சீட்டில் ஒருவர் திரை நிறைய ஒரு ராட்சத இயந்திரத்தை நடத்திக்கொண்டிருந்தார். ரிசல்ட் வந்தது, பெண் பாஸ். அதை வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பதே சாயங்காலம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

அது ஒரு சண்டை விளையாட்டு. இரண்டு கம்ப்யூட்டர்களை ஒயரால் இணைத்து இரண்டு பேர் ஆடலாம். ஏதோ ஒரு கிரகம். நடுவில் ஒரு மலை. மலைக்கு இந்தப் பக்கம் ஒருவர் முகாம், அந்தப் பக்கம் மற்றவர் முகாம். எதிரி முகாமைத் தரைமட்டம் ஆக்கினால் ஜெயம். பீரங்கி, விமானம் என்று எத்தனையோ இருந்தும் சகாதேவன் தொடுவது ஒன்றைத்தான். மூன்று மாடி உயரத்துக்கு இரண்டு காலில் நிற்கும் போர் இயந்திரம் அது. தலை இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் ஒரு ஆள். அதற்கு ஆங்கிலத்தில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. சகாதேவன் அதைக் ‘கால்வண்டி’ என்பார். உள்ளே இருக்கிறவன் ‘டிரைவரு’. இப்போது கடைக்கு வரும் கான்வென்ட் பிள்ளைகள்கூடக் கால்வண்டி என்றுதான் சொல்கிறார்கள்.

கால்வண்டி நடப்பதைப் பார்க்க வேண்டும். ஒரு காலைத் தூக்கும். கொஞ்சம் யோசிக்கும். வைக்கும். அப்புறம்தான் அடுத்த கால். ஒவ்வொரு தடவை சொடுக்கும்போதும் கூண்டுக்குள்ளிருந்து ஒரு குரல் ஆங்கிலத்தில் என்னவோ சொல்லும். “சரிப்பா, பாத்துப் போ” என்று இவர் தமிழில் பதில் சொல்வார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திவிடுவார்.

“ஏங்க நிறுத்திட்டீங்க?”

“எஞ்சின் சூடாயிருக்கும் சார்.”

“இது கம்ப்யூட்டருங்க. சூடெல்லாம் ஆகாது.”

“உள்ள ஒக்காந்துகினு இருக்கறவனுக்குத்தான சார் தெரியும்.”

இப்படி ஆடுகிற ஒருவரை யார் வேண்டுமானாலும் ஜெயித்துவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றி, அவருக்கு எதிராக ஆட உட்கார்ந்தேன். போதாததற்கு, அவர் எந்த வழியாக வருவார் என்பதும் எனக்குத் தெரியும். மலையை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டுதான் வருவார். இடப்பக்கமாக வந்தால் பாதித் தூரம்தான். என் முகாம் அங்கே பல் இளித்துக்கொண்டு நிற்கும். வரமாட்டார். “மலையச் சுத்தறதுன்னா வலமாத்தான் சார் சுத்தணும். எந்த லோகமா இருந்தா இன்னா?” ஆகவே என் பீரங்கிகள் எல்லாவற்றையும் அந்த ஒரு வழியில் நிறுத்திக் காத்திருப்பேன். அவர் வரமாட்டார். எஞ்சின் ஆறிக்கொண்டிருக்கும். எனக்குக் கை அரிக்கும். இன்றைக்கு ஆள் மனசு மாறி அந்தப் பக்கமாக வருகிறாரோ என்று சந்தேகம் வரும். பீரங்கிகளைக் கிளப்பி மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். சரியாக அப்போதுதான் கால்வண்டி இந்தப் பக்கம் வந்து நிற்கும். என் முகாமின் மேல் ரோடு போட்டுவிட்டுப் போகும். எதிரியின் திட்டம் தெரிந்தே தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அதை ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சி செய்து வளர்த்திருக்கிறேன்.

இவ்வளவு பக்திமானாக இருக்கிறாரே என்று நினைத்தால் அங்கேதான் விஷயம். சகாதேவனுக்கு வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வரும் ஜனங்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி அவர் வாசல் வழியாகத்தான் மலையைச் சுற்றிப் போகிறார்கள். அவர் உள்ளே, சத்தத்தில் தூக்கம் வரவில்லை என்று புரண்டு படுப்பார். பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூட நடந்து சுற்றியதில்லை.

“நான் சுத்தாத சுத்தா சார்?” என்று அவரே சிரிப்பார். “அந்த ரோட்டுல முக்காவாசி நான் நசுக்குனது. ஆனா பாருங்க, ரோலரு முன்னாடி ஒரு தபா போவும், ரிவர்ஸ்ல ஒரு தபா வரும். போறப்ப சேர்ற புண்ணியம் வர்றப்ப கழிஞ்சிடும். கடசீல கையில ஒண்ணும் நிக்கல. அதுவுமில்லாம, வண்டில போறதெல்லாம் சாமி கணக்குல சேக்காது.”

அவர் சிரிப்பார். அவர் மனைவி சந்திரம்மாள் சிரிக்கமாட்டாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இவருக்கு மஞ்சள் காமாலை கண்டு, பிழைப்பது கஷ்டம் என்று வேலூர் ஆஸ்பத்திரியில் கையை விரித்தபோது அந்த அம்மாள் வேண்டிக்கொண்டாள்: ஆள் எழுந்து உட்கார்ந்தால் போதும், பௌர்ணமிக்கு இரண்டு பேருமாகச் சேர்ந்து வெறுங்காலில் மலையைச் சுற்றுகிறோம். ஆள் எழுந்து உட்கார்ந்தார். “அடுத்த மாசம் போலாம்” என்றார். அந்த அடுத்த மாசம் இன்னும் வரவில்லை. அவள் மட்டும் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு நாள் புருஷனைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டாள். கால்வண்டி என் கொட்டகைகளை மிதித்துக்கொண்டிருந்த நேரம்.

“நாளைக்கிப் பௌர்ணமி. இந்த தபாவாச்சும் வருவீங்களா, மாட்டீங்களா?”

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சகாதேவன் மடியிலிருந்த பையைத் தடவிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். தப்பிக்க ஒரு வழி தேடிய அவர் கண்ணில் நான் பட்டேன்.

“சாரு என்னிக்கி என்ன ஜெயிக்கிறாரோ அன்னிக்கி வர்றேன். மல மேல ஆண.”

கடையே சிரித்தது. சந்திரம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பேனா குத்திய சட்டை, கண்ணாடி, கலெக்டர் ஆபீஸ். அவள் முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. பாவம், என் ஆட்டத்தை அவள் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து ஒரு குடும்பத்தின் வேண்டுதல் என் தலையில் வந்து விழுந்தது. நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். இன்டர்நெட்டில் யுத்த தந்திரங்களைத் தேடி, பிரிண்ட் எடுத்து, ஆபீஸ் பைலுக்குள் வைத்துப் படித்தேன். முன்பு மெதுவாகத் தோற்றேன், இப்போது சீக்கிரமாகத் தோற்றேன். “சார், அந்த அக்கா பாவம் சார். மனசு வெச்சு ஆடுங்க சார்” என்பாள் வேதா. மனசு வைக்காமலா ஆடிக்கொண்டிருந்தேன்?

பங்குனிப் பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மத்தியானம் கடைக்குப் போனால் எனக்கு முன்னால் சந்திரம்மாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவர் வருவதற்குள் என்னிடம் மெல்லச் சொன்னாள்: “போன மாசம் ரெண்டு நாளு அவருக்கு ஜொரம் சார். தூங்கறப்பல்லாம் கண்ணு ரெப்பைய இழுத்து இழுத்துப் பாத்துகினே இருந்தேன், மஞ்சளாகீதான்னு. வேண்டிக்கினு செய்யாம வெச்சிருந்தா எனக்கு மட்டும் எப்டி சார் தூக்கம் வரும்?”

அன்றைக்கு உயிரைக் கொடுத்தாவது ஜெயிப்பது என்று உட்கார்ந்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. சகாதேவன் மூலையில், நான் எதிர்வரிசையில், என் முதுகுக்குப் பின்னால் சந்திரம்மாள். பீரங்கிகளை வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். அவர் வரவில்லை. காத்திருந்தேன். வரவில்லை. கை அரிக்க ஆரம்பித்தது. மவுசை அந்தப் பக்கமாக நகர்த்தினேன்.

“இன்னா சார் பண்றீங்க?”

“அந்தப் பக்கமா வர்றாரோ என்னவோம்மா.”

“சும்மா இருங்க சார். சோத்தப் போட்டு மூடி வெச்சிட்டு இவருக்குன்னு ஒக்காந்து பழகினவ நானு. லேட்டா வருவாரு. ஆனா வந்துடுவாரு.”

கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு யுத்த தந்திரத்தை ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். வந்தார். மலையின் விளிம்பில் முதலில் ஒரு கால் தெரிந்தது, யோசித்து யோசித்து அடுத்த காலும் வந்தது. இருக்கிற பீரங்கி அத்தனையையும் ஒரே சமயத்தில் வெடிக்கவைத்தேன். கால்வண்டி ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டு மல்லாந்து விழுந்தது. கடைப் பையன்கள் நாற்காலி மேல் ஏறிக் கத்தினார்கள். நானும் ஏறியிருப்பேன், வேட்டி தடுத்தது.

ஆனால் ஆட்டம் முடியவில்லை. கூண்டைத் திறந்துகொண்டு டிரைவர் வெளியே குதித்தான். இந்த விளையாட்டில் அப்படி ஒரு விதி. டிரைவர் உயிரோடு தன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால் புதுக் கால்வண்டி கிடைக்கும். வழியில் சுட்டுவிட்டால் ஆட்டம் நமக்கு. திரையில் கட்டைவிரல் அளவு மனுஷன். வந்த வழியே திரும்பி ஓடினால் பிழைத்தான். அந்தப் பக்கம் என் ஆட்கள் யாரும் இல்லை. முன்னால் போனால் என் பீரங்கிகளின் வாய்க்கு நேரேதான் போக வேண்டும்.

“திருப்புங்கண்ணா! ரிவர்ஸ்ல ஓட்டுங்க!” என்று வேதாகூட அலறிவிட்டாள்.

சகாதேவன் திருப்பவில்லை. “வண்டின்னா ரிவர்ஸ் எடுக்கலாம்மா. எறங்கி நடக்கறவன் பாதி சுத்துல எப்டித் திரும்புவான்?” என்றபடி சொடுக்கினார். டிரைவர் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னான். “சரிப்பா, பாத்துப் போ.”

அவன் நடந்தான். மலை வலது பக்கம், என் பீரங்கிகள் இடது பக்கம், நடுவில் அந்தச் சின்ன உருவம். நான் குறியை அவன் மேல் கொண்டுவந்து வைத்தேன். ஒரு சொடுக்குதான் பாக்கி. ஆறு வருஷத்து வேண்டுதல் என் ஆள்காட்டி விரலில் இருந்தது.

“ஐயோ, சுட்டுடாதீங்க சார்!”

சந்திரம்மாள் என் தோளைப் பிடித்துவிட்டாள்.

“என்னம்மா? இப்ப சுட்டாத்தான் அவரு வருவாரு!”

“தெரியும் சார். வேணாம் சார். கால் நடையா மலையச் சுத்தறான். அவனப் போயி…”

மவுசிலிருந்து கையை எடுத்தேன். பையன்கள் என்னைத் திட்டினார்கள். டிரைவர் என் பீரங்கி வரிசையைக் கடந்து, என் முகாம் வாசலைக் கடந்து, மலையை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். புதுக் கால்வண்டி கிளம்பியது. பிறகு நடந்தது வழக்கம்போலத்தான், என் முகாமில் புது ரோடு விழுந்தது.

சகாதேவன் எழுந்து என் பக்கமாக வந்தார். ஜெயித்த முகமாக இல்லை.

“இன்னா சார், எதுக்கத்தான நடந்து போனான். சுடல?”

“உங்க வீட்டுல வேணாம்னுட்டாங்க” என்றேன். தோல்விக்கு இவ்வளவு கௌரவமான ஒரு காரணம் எனக்கு அதுவரை கிடைத்ததே இல்லை.

அவர் சந்திரம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாத்துக்குடி?”

“வுடுங்க. நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், போயி சாப்டுங்க. நான் சுத்திட்டு வர்றேன்.”

அவள் கூடையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். சகாதேவன் கக்கத்திலிருந்த மஞ்சள் பையை எடுத்து, டி.வி.எஸ். ஐம்பதின் சாவியையும் அதற்குள் போட்டு, வேதாவின் மேஜை மேல் வைத்தார்.

“இத உள்ள வெய்யிம்மா. வண்டி வாசல்ல நிக்கட்டும். நாளைக்கி வந்து எடுத்துக்கறேன்.”

வாசலில் பங்குனி வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. “ஏ சந்திரா, இரு” என்றபடி கடைசிப் படியிலிருந்து தெருவில் கால் வைத்தவர், சூட்டில் வெடுக்கென்று தூக்கிக்கொண்டார். ஒற்றைக் காலில் நின்று கொஞ்சம் யோசித்தார். வைத்தார். அடுத்த காலைத் தூக்கினார்.