பீரோவில் கிடந்த விண்ணப்பம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, நவம்பர் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கல்லூரியில் அலுவலக உதவியாளராக வேலை பார்க்கிறேன். அன்று செமஸ்டர் தேர்வின் முதல் நாள். எட்டரை மணிக்கே வந்து ஹால் டிக்கெட் தொலைத்தவர்கள், அடையாள அட்டை மறந்தவர்கள் எல்லோரையும் ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கொஞ்சம் குறைந்ததும் ஒரு பெண் மேசை முன்னால் வந்து நின்றாள். மூன்றாம் ஆண்டு பி.காம். நெட்டுக்குப்பத்தில் இருந்து வருகிறவள்.

"அக்கா, எனுக்கு எழுதப் போறது யாருக்கா? எந்த ரூம்முன்னு சொன்னா போய் உக்காந்துடுவேன்."

அப்போதுதான் அவளுடைய விண்ணப்பம் எனக்கு நினைவுக்கு வந்தது.

எங்கள் கல்லூரியில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஓர் உதவிப் பிரிவு உண்டு. உண்டு என்றால், சுவரில் ஒரு பலகை, அதன் கீழே ஒரு பீரோ, கூடுதல் பொறுப்பாக நான். தேர்வில் சொல்லச் சொல்ல எழுத ஆள் வேண்டும், கூடுதல் நேரம் வேண்டும் என்று யாராவது விண்ணப்பித்தால், மருத்துவச் சான்றிதழோடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி அனுமதி வாங்கித் தர வேண்டியது என் வேலை. இந்தப் பெண் செப்டம்பரிலேயே கொடுத்துவிட்டாள். அவளுக்கு டிஸ்லெக்ஸியா. பாடம் எல்லாம் காதால் கேட்டே மனப்பாடமாக வைத்திருப்பாள். ஆனால் தாளில் எழுத்துகள் அவளுக்கு இடம் மாறி மாறித் தெரியும். ஒரு வரியைப் படிக்கவே வெகு நேரம் ஆகும். முதல் இரண்டு வருடம் இதற்குப் பெயர் என்னவென்றே தெரியாமல் நாலைந்து பாடங்களில் அரியர் வைத்து, பிறகு ஒரு பேராசிரியை கவனித்துச் சொல்லி, அரசு மருத்துவமனைக்குப் பலமுறை அலைந்து சான்றிதழ் வாங்கியிருந்தாள்.

அதே வாரம் கண் தெரியாத ஒரு மாணவரும் விண்ணப்பம் கொடுத்தார். அதை அன்றைக்கே அனுப்பினேன். அனுமதியும் வந்துவிட்டது. இவளுடையதை, "அப்புறம் பாத்துக்கலாம்" என்று வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், நான் நம்பவில்லை. பளிச்சென்று பேசுகிறாள், போனில் மெசேஜ் எல்லாம் அனுப்புகிறாள், இவளுக்கு என்ன குறை, எழுதச் சோம்பல் என்றுதான் நினைத்தேன். வைத்த இடமும் மறந்துபோனது.

இதை எல்லாம் அவளிடம் சொல்லும் தைரியம் அப்போது எனக்கு இல்லை. "யுனிவர்சிட்டில இருந்து லெட்டர் வர லேட்டாகுதும்மா. வெளிய பெஞ்சுல உக்காரு" என்றேன்.

"வந்துடும்ல?"

"வந்துடும்."

அவள் போனதும் பீரோவைத் திறந்து ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினேன். உதவித்தொகைப் படிவங்களுக்கு நடுவில் கிடைத்தது. அப்போதுதான் முதன்முதலாக அதை முழுதாகப் படித்தேன். தோழி யாரையாவது எழுதச் சொல்லியிருக்கலாம். அவளே எழுதியிருந்தாள். 'விண்ணப்பம்' என்ற சொல்லை மூன்று முறை அடித்து எழுதியிருந்தாள். நான்காவதும் தப்பு.

மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது. தேர்வு பத்து மணிக்கு. முதல்வர் மேடத்தின் அறைக்கு ஓடி, தாளை நீட்டி, என் கையில்தான் கிடந்தது என்று சொன்னேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஸ்கேன் பண்ணி மெயில் போடுங்க. நான் யுனிவர்சிட்டில பேசறேன். எழுத ஆளைப் பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

எழுத வருபவர் அதே பாடம் படிப்பவராக இருக்கக் கூடாது. அன்றைக்குத் தேர்வும் இருக்கக் கூடாது. நான் பி.காம். முடித்தவள், ஆக நானே உட்கார்ந்து எழுதவும் முடியாது. எழுதித் தர முன்வந்த மாணவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழைத்தேன். ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் ஊரில் இல்லை. ஆறாவது எண்ணில், காத்திவாக்கத்தில் இருக்கும் இரண்டாம் ஆண்டு தமிழ் மாணவி ஒருத்தி உடனே கிளம்புகிறேன் என்றாள். நிம்மதியாக மூச்சு விட்டேன். பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளே அழைத்தாள்.

"மேடம், எர்ணாவூராண்ட பஸ் நின்னுகினே கீது. முன்னாடி ஃபுல்லா கண்டெய்னர் லாரி. இறங்கி நடந்து வந்துடறேன் மேடம்."

நடந்தால் அரை மணி நேரம். பத்தரைக்கு மேல் யாரையும் தேர்வு அறைக்குள் விட மாட்டார்கள்.

வெளியே வந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து காதில் இயர்போன் வைத்து, தன் குரலிலேயே பதிவு செய்த பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உதடுகள் கூடவே அசைந்துகொண்டிருந்தன. என்னைப் பார்த்ததும் எழுந்து, பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"குடிக்கா. மூஞ்செல்லாம் வேர்த்துக்கினு கீது. லெட்டர் வரலன்னா நீ இன்னாக்கா பண்ணுவ? டென்சன் ஆவாத."

அந்தத் தண்ணீரை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத் தெரியாது.

மணி அடித்தது. தனி அறையில் அவளை உட்கார வைத்துக் கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். அனுமதி வரும்வரை அதைப் படித்துச் சொல்லவும் யாருக்கும் உரிமை இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதல் வரிக்குக் கீழே விரலை வைத்து, மெல்ல நகர்த்தி, பாதியில் நிறுத்தி, மறுபடி ஆரம்பத்துக்கு வந்தாள். மறுபடி. மறுபடி. ஐந்து நிமிடம் ஆகியும் விரல் அந்த முதல் கேள்வியைத் தாண்டவில்லை. சோம்பல் என்று நான் நினைத்தது இதைத்தான். அங்கே நிற்க முடியாமல் அலுவலகத்துக்கு வந்து, கம்ப்யூட்டர் முன்னால் நின்றபடியே மெயிலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பத்து இருபதுக்கு அனுமதி வந்தது. பத்து இருபத்தாறுக்குத் தமிழ் மாணவி கேட்டுக்குள் நுழைந்தாள். லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்ததில் சுடிதார் முழுக்கக் கரி. மூச்சு வாங்கியது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே படியேறி அந்த அறையில் விட்டேன். எழுத ஆரம்பித்த நேரத்தில் இருந்துதான் கணக்கு, கூடுதல் நேரமும் முழுதாக உண்டு என்று முதல்வர் கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பகல் அவள் தேர்வு முடித்து வரும்வரை நான் சாப்பிடவில்லை. சிரித்துக்கொண்டே வந்தாள். "நல்லா எழுதுச்சுக்கா அந்தப் பொண்ணு. சொன்னத அப்டியே எழுதுச்சு" என்றாள். இத்தோடு விட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் காலையில் அவள் நீட்டிய பாட்டில் கண்முன்னால் நின்றது. சொல்லிவிட்டேன். பல்கலைக்கழகம் தாமதிக்கவில்லை, நான்தான் அனுப்பவே இல்லை, மன்னிச்சுடும்மா என்றேன்.

அவள் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது.

"எனுக்குத்தான்கா படிக்க வராது. உனுக்கு நல்லா வருமே. ஒரு தபா படிச்சிப் பாத்திருக்கலாம்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டாள். பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

இரண்டு நாள் கழித்து அடுத்த தேர்வு. காலையில் நேராக என் மேசைக்கு வந்து, "லெட்டர் வந்துச்சா? படிச்சுக் காட்டு" என்றாள். அன்றைய தேர்வுக்கான அனுமதிக் கடிதத்தை வரி விடாமல் படித்துக் காட்டினேன். எழுத வருபவரின் பெயரையும் கேட்டுக்கொண்டாள். அந்த செமஸ்டர் முழுக்க ஒவ்வொரு தேர்வுக்கும் இப்படித்தான். என்னை அவள் மன்னித்தாளா என்று தெரியாது. அப்படியே நம்பிவிடுவதை நிறுத்திக்கொண்டாள் என்பது மட்டும் தெரிந்தது.

எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி பெற்றாள். அந்த முதல் தேர்வில் மட்டும் மதிப்பெண் குறைவு. ஆரம்பத்தில் பதற்றத்தில் தெரிந்ததே மறந்துபோச்சு என்று பேராசிரியையிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. இப்போது துறைமுகம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

அந்தப் பொறுப்பில் நான் இன்னும் இருக்கிறேன். வருகிற விண்ணப்பத்தை, கொடுப்பவர் எதிரிலேயே படித்து, அன்றைக்கே அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறேன். இப்போதும் யாராவது தயங்கியபடி ஒரு தாளை நீட்டினால், அதை எழுத இவர் எத்தனை முறை அடித்துத் திருத்தினாரோ என்ற நினைப்புதான் எனக்கு முதலில் வருகிறது.