ஜெசிந்தாவின் ரூட்

பண்டாரவளையில் ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில், பழுதான நோயாளி நாற்காலியைத் திருத்த, அதன் அடியில் தலையை விட்டுப் படுத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. அலுவலக இலக்கத்தைக் கண்டதும் ஜெசிந்தா என்றே நினைத்தேன். "இன்னும் முடியேல்ல, முடிஞ்சாப் பிறகு நானே எடுக்கிறன்," என்று எரிந்து விழுந்தேன். பேசியது ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ரிஸ்வான். "அண்ணன், ஜெசிந்தா மிஸ் தவறிட்டாங்க. காலையில எழும்பவே இல்லையாம்," என்றான்.

நாற்காலியை எப்படி முடித்துக் கொடுத்தேன் என்று தெரியவில்லை. வெளியே வந்து கம்பனி வான் வண்டியில் ஏறினேன். இறங்கினேன். டயரைப் பார்த்தேன். மறுபடியும் ஏறினேன். அன்று தொடங்கிய இந்த அந்தரம், ஓரிடத்தில் இருக்க முடியாத பதைப்பு, இன்னும் அடங்கவில்லை. இதை எழுதுவதற்குள்ளேயே பல தடவை எழும்பி நடந்துவிட்டேன்.

கம்பனியில் உங்களில் பலருக்கு ஜெசிந்தாவை என்னைவிட அதிக காலம் தெரியும். பல் வைத்தியர்களின் நாற்காலிகள் எந்த ஊரில் பழுதானாலும் முதலில் மணி அடிப்பது அவருடைய மேசையில்தான். யார் எங்கே போவது என்று தீர்மானிப்பவர் அவர். நான் அவரிடம் வேலைக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது கடந்திருந்தது. அவர் என்னைவிட இளையவர். அதுவரை கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் கதிரை தேயத் தேய இருந்தவன் நான். அது மூடப்பட்டதும், எப்போதோ படித்த மின்னியல் டிப்ளோமாவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். வெள்ளவத்தை வீட்டில், "இந்த வயசில பெட்டியும் கையுமா ஊர் சுத்தப் போறியளோ?" என்று மனைவி கவலைப்பட்டாள். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குஷி. ஓரிடத்தில் குந்தியிருக்கும் சுபாவம் எனக்கு எந்நாளும் இல்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று ஜெசிந்தா எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அண்ணா, திருத்தின கதிரையில முதல்ல நீங்க ஏறிப் படுக்கணும். நீங்க படுக்காத கதிரையில நோயாளிய ஏத்த விடாதீங்க." இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். ஹற்றனில் என் முதல் வேலை. திருத்தி முடித்து, மிடுக்காக ஏறிப் படுத்து, நேர்ஸிடம் கால் மிதியை அழுத்தச் சொன்னேன். மேலே போக வேண்டிய நாற்காலி என் தலையைக் கீழே இறக்கி, காலை முகட்டுக்குத் தூக்கிவிட்டு அப்படியே நின்றது. வாசலில் கன்னம் வீங்கிய ஒரு ஆச்சி, தன் வலியையும் மறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைகீழாகக் கிடந்தபடியே ஜெசிந்தாவுக்கு அழைப்பு எடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பு அந்த அறை முழுவதும் கேட்டிருக்கும். பிறகு சொன்னார்: "இறங்கிடாதீங்க அண்ணா. படுத்துக்கொண்டே பாருங்க. எங்க பிழை விட்டிருக்கிறீங்கண்டு அங்க இருந்துதான் தெரியும்." கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். கால் மிதியின் இரண்டு இணைப்புகளை இடம் மாற்றிச் செருகியிருந்தேன். அதைச் சரிசெய்த பிறகு அந்த ஆச்சியின் பல்லைப் பிடுங்கும்வரை அங்கேயே நின்று பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன்.

ஆனால் அவருடைய அழைப்புகள் எனக்கு ஒத்துவரவில்லை. நுவரெலியாவைத் தாண்டினால் ஒன்று, பதுளையில் ஒன்று, பிபிலையில் ஒன்று. "அண்ணா, இப்ப எங்க நிக்கிறீங்க?" அலுவலகச் சிறையிலிருந்து தப்பி வந்தவனுக்கு இது எப்படி இருக்கும்? ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"நான் என்ன சின்னப்பிள்ளையோ ஜெசிந்தா? ஏன் இப்பிடிக் காவல் காக்கிறீங்கள்?"

"உங்கள நம்பாமக் கேக்கல்ல அண்ணா. அது என்ட ரூட். இப்ப எங்க நிக்குதுண்டு பாக்கிறன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரியவந்தது. மலையகம் வழியாக மட்டக்களப்பு வரை எனக்கு முன் போய்வந்தவர் அவரே. ஒரு பெண் தனியாக வானை ஓட்டிக்கொண்டு வந்து நாற்காலி திருத்துவதைப் பார்க்கவே சில கிளினிக்குகளில் ஆட்கள் கூடுவார்களாம். இதய வால்வில் கோளாறு என்று வைத்தியர்கள் தூரப் பயணத்தையும் பாரம் தூக்குவதையும் தடுத்துவிட, அவரை மேசையில் உட்கார வைத்து, அவருடைய இடத்துக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். அவரோ மேசையில் இருக்கப் பொறுக்காதவர். இரண்டு பைல் இருந்தாலும் ஒன்றாகக் கொண்டுபோகமாட்டார். ஒவ்வொன்றாகத்தான் கொண்டுபோவார், நடப்பதற்கு ஒரு சாட்டு வேண்டும் என்பதற்காக.

பிறகு அவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள், அது நல்லபடியாக முடிந்தது. சில மாதங்களில் வைத்தியரும் சம்மதித்தார். அடுத்த மாதம் முதல் ரூட் திரும்பவும் ஜெசிந்தாவுக்கு, எனக்கு இரத்மலானை வேர்க்‌ஷொப் என்று மனேஜர் அறிவித்தார். எனக்குத் தலையில் இடி விழுந்தது. வேர்க்‌ஷொப் என்றால் மறுபடியும் நான்கு சுவர். அவருடைய மேசைக்கு முன்னால் போய் நின்று, "எனக்கு அந்த ரூட் வேணும் ஜெசிந்தா," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும் வேணும் அண்ணா," என்றார். நாங்கள் இருவரும் அன்று முழுவதும் பேசிக்கொள்ளவில்லை.

பொறுப்பைக் கையளிக்கவென்று ஒரு தடவை சேர்ந்து போனோம். வானை யார் ஓட்டுவது என்பதில் தெமட்டகொடையைத் தாண்டுவதற்குள்ளேயே சண்டை. மகியங்கனை வளைவுகளில் அவர் ஓட்டினார். நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, காற்றில் தலைமயிர் பறக்க, கொட்டாஞ்சேனைக் கோவிலில் சிறுவயதில் திருப்பலிக்குப் பாடிய பாட்டை உரத்துப் பாடிக்கொண்டு வந்த ஜெசிந்தாவை அதற்கு முன் நான் கண்டதில்லை. மேசையில் இருந்தவர் வேறொருவர்போல இருந்தது. மட்டக்களப்பு கிளினிக்கில் முழங்காலில் நின்று வேலையை முடித்து எழும்பியவர், படியில் போய் உட்கார்ந்துவிட்டார். உதடு வெளிறியிருந்தது. நான் கருவிப் பெட்டியைத் தூக்கினேன்.

"வைங்க. அது என்ட."

"கொஞ்சம் இருங்கோ. மூச்சு வரட்டும்."

"மூச்சு வரும். நீங்க பெட்டியத் தாங்க."

கொடுத்தேன். வேறென்ன செய்ய? திரும்பி வரும் வழியில், தேநீருக்கு நிறுத்திய இடத்தில், சிரித்துக்கொண்டே சொன்னார்: "நீங்க விடமாட்டீங்க. நானும் விடமாட்டன். மனேஜருக்குத் தலையிடிதான்." அந்த நேரம் அவர்மேல் எனக்கு இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஆசை மட்டும் போகவில்லை.

அவர் ரூட்டைப் பொறுப்பேற்பதற்குச் சில நாட்களே இருந்தபோதுதான் அந்தக் காலை விடிந்தது. அடக்கம் முடிந்த மறுநாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டு, ரூட் இனி நிரந்தரமாக உனக்குத்தான் என்று சிங்களத்தில் சொன்னார். முன்னால் நின்று போராடிக் கேட்ட ஒன்று, ஒருவரும் போட்டிக்கு இல்லாமல் கையில் வந்து விழுந்தது. நன்றி சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை.

மாத நினைவுத் திருப்பலிக்குப் போயிருந்தேன். முடிந்து எல்லாரும் கலையும்போது அவருடைய அம்மா என் கையைப் பிடித்தார்.

"மகன், நீங்கதானே ஜெசிட ரூட்ல போறவர்?"

ஓம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவ சொல்லுவா, நீங்க லேசில விடுற ஆள் இல்லையாம். கோவம் கோவமாச் சொல்லுவா." பிடித்த கையை அவர் இன்னும் விடவில்லை. "விட்டுடாதீங்க மகன். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

ஜெசிந்தாவை அறிந்தவர்கள் ஒவ்வொருவரும் அவருடைய ஏதோ ஒன்றை வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அவர் மனமாரத் தந்ததல்ல. உயிரோடு இருந்திருந்தால் தந்திருக்கவும் மாட்டார். நாளை விடிய மட்டக்களப்புக்குப் புறப்படுகிறேன். அந்த ரூட்டை என்னிடமிருந்து பறிக்க அவர் வந்து நின்றால், இந்த முறை சண்டை பிடிக்காமல் சாவியைக் கொடுத்துவிடுவேன் என்று எழுத நினைத்தேன். பொய் எழுதக் கூடாது. சண்டைதான் பிடிப்பேன். அந்தச் சண்டைக்காகவாவது அவர் வந்திருக்கலாம்.