வழுக்கி விழுந்தார்

குளிக்க வார்க்கும் வாளியின் விளிம்பு ராத்தாவின் வாயில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இரத்தத்தோடு ஒரு பல் சீமெந்துத் தரையில் ஓடி, தண்ணீர் போகும் ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. ராத்தா வாயைக் கழுவிவிட்டு, வாளியை வீசிய அந்த வயோதிப அம்மாவுக்கே மிச்சத் தண்ணீரையும் வார்த்து முடித்தார்.

துறைமுகப் பக்கம் இருந்த பராமரிப்பு இல்லம் அது. மனம் பேதலித்த வயோதிபப் பெண்கள் முப்பது பேர். காலையில் அவர்களைக் குளிப்பாட்ட நானும் ராத்தாவும் மட்டும்தான். அவர் குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவருடைய ஆட்கள் அக்காவை ராத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட நாலு வயது மூத்தவர், நானும் அப்படியே கூப்பிட்டேன். குளிப்பு என்றால் அந்த அம்மாமாருக்குப் பயம். கொல்ல வருகிறோம் என்று நினைத்து அடிப்பார்கள், கடிப்பார்கள், தலைமயிரைப் பிடித்துச் சுவரில் மோதுவார்கள். அவர்களில் பிழை இல்லை. "இண்டைக்குப் பசியாற என்ன புள்ள, கடியா, உதையா?" என்று ராத்தா கேட்பார். சிரித்துக்கொண்டே உள்ளே போவோம்.

காயம் பட்டால் ஒரு புத்தகத்தில் எழுத வேண்டும். பொறுப்பாளர் முதலிலேயே சொல்லியிருந்தார்: "அடிச்சது எண்டு எழுதாதேங்கோ. மேலிடம் கேள்வி கேக்கும், இல்லத்துக்குக் கெட்ட பேர். வழுக்கி விழுந்தது எண்டு போடுங்கோ." ராத்தாவுக்கு எழுதத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். எழுத்து உருண்டையாக இருக்கும். அவருக்காக நான்தான் எழுதுவேன். பல் போனதற்கும் அப்படியே எழுதினேன், விரல் முறிந்ததற்கும் அப்படியே எழுதினேன். பெரிய மனிதர் சொன்னால் திருப்பிக் கேட்டுப் பழக்கமில்லாத பிறவி நான்.

கடைசி மாதங்களில் ராத்தா சிரிப்பதை விட்டுவிட்டார். யாராவது கையைத் தூக்கினால் அவர் தோள் குறுகும். இரண்டு கிழமைக்குக் குசினிப் பக்கம் சமையல் வேலைக்கு மாற்றிவிடும்படி கேட்டார். "சேவை எண்டு வந்தா பொறுமை வேணும் அம்மா," என்றார் பொறுப்பாளர், விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டு.

பிறகு ஒரு புதன்கிழமை. ஒல்லியான ஓர் அம்மா ராத்தாவின் கண்ணோரத்தை நகத்தால் கிழித்துவிட்டார். ராத்தா அடித்தார். ஒரு அடி அல்ல. செம்பாலும் அடித்தார், கையாலும் அடித்தார். அந்த அம்மா விழுந்த பிறகும் அடித்தார். நான் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்தேன்; முழங்கையால் என் நெஞ்சில் இடித்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது. கை ஓய்ந்ததும் ஈரத் தரையில் குந்தி, அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஆர்ட கை, புள்ள?"

அந்த அம்மாவுக்குத் தாடை உடைந்திருந்தது. விசாரணைக்கு நிர்வாகசபையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். ராத்தாவைப் பொலிசில் கொடுப்பதா என்பதுதான் கதை. பொறுப்பாளர் புத்தகத்தை விரித்து வைத்தார். "பாருங்கோ, பதினொரு தரம் வழுக்கி விழுந்திருக்கிறா. ஒருத்தரும் இவவைத் தொடேல்ல. சும்மா இருந்த மனிசிக்கு அடிச்சிருக்கிறா."

அத்தனையும் என் எழுத்து. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. "வழுக்கேல்ல," என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன். "வழுக்கேல்ல ஐயா. ஒவ்வொண்டும் அடி. எழுதினது நான். எழுதச் சொன்னது இவர்."

பொலிசுக்குப் போகவில்லை. ராத்தாவை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். சில மாதத்தில் பொறுப்பாளரும் போனார். இப்போது அங்கே குளிப்பாட்ட ஐந்து பேராம். கடி பட்டவருக்கு அன்றே லீவு, திரும்பி வந்தால் கொஞ்ச நாளைக்கு வேறு வேலை. இதை அப்போதும் செய்திருக்கலாம். நோயாளியைப் பார்க்க ஆள் வைப்பவர் அந்த ஆளையும் பார்க்க வேண்டும். அதை விளங்க ஐந்தாம் வகுப்பே காணும்.

அன்று விசாரணை முடிந்து வாசலில் ராத்தா பஸ்ஸுக்கு நின்றார். காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்போடு பக்கத்தில் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குரலில் கோபமே இல்லை.

"முதல் அடிக்கே நீ உள்ளதை எழுதியிருந்தா, அந்தக் கிழவிக்கு அடி விழுந்திராது, புள்ள."