முன்னறைக்குப் போகும் வெந்நீர்

வெந்நீர் ஓடி முன்னறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் அடியில் இருந்த வெள்ளை மூடியைக் கழற்றிவிட்டு, ஸ்பேனரை வால்வின் பித்தளைத் தலையில் பொருத்தினாள் எட்னா. முழங்கால் வலித்தது. அவள் அக்கா மியூரியல் சோபாவில் உட்கார்ந்து, ரேடியேட்டருக்கு முன்னால் காலை நீட்டியிருந்தாள். காலை நகர்த்தவில்லை.

“உன் மாடி ரூமுக்காக என் முன்னறையைக் குளிர வைக்கப் போறியா?”

“இது ரெண்டு பேர் வீடு. அப்பா அப்படித்தான் எழுதி வச்சார்.”

“புருஷன் வேண்டாம்னு விட்டுட்டு வந்த உனக்கும் பாதின்னு எழுதினார். அப்ப அவருக்குப் புத்தி நல்லா இல்ல.”

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் முன்னறை விருந்தாளிகளுக்கானது. வீட்டுக்காரர்கள் சமையலறையில்தான் உட்காருவார்கள். மியூரியல் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னறையைக் காலை முதல் இரவு வரை சூடாக வைத்திருந்தாள். திடீரென்று யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பாள். கடைசியாக வந்தவர் பாதிரியார், அப்பாவின் சாவுக்கு. இன்று அவளே அங்கே உட்கார்ந்திருந்தது காவலுக்கு.

எட்னா முப்பத்தொரு வருஷம் கம்பள மில்லில் நூல் சுற்றியவள். விரல் மூட்டுகள் வீங்கி, குளிரில் மடங்க மறுத்தன. சமையலறை பாய்லரிலிருந்து வரும் வெந்நீர்க் குழாயின் கடைசியில் இருந்தது அவள் அறை. அங்கே ரேடியேட்டர் வெதுவெதுப்பைத் தாண்டியதில்லை. இரண்டு குளிர்காலமாகக் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினாள். நகராட்சி வாடகை வீட்டுக்கான விண்ணப்பத்தை மியூரியல்தான் வாங்கிவந்து அவள் கட்டிலில் போட்டாள். குளிர் தாங்காமல் எட்னா கையெழுத்துப் போட்டாள். வீடு கிடைத்துவிட்டது. ஊருக்கு வெளியே, ஒன்பதாவது மாடி. ஏற்கிறாளா இல்லையா என்று நாளைக்குள் பதிலைத் தபாலில் போட வேண்டும்.

போன வாரம் அவள் கூப்பிட்ட ஹீட்டிங்காரரை மியூரியல் வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவர் தெருவில் நின்றபடியே எட்னாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் முன்னறை ரேடியேட்டர் வெந்நீரையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. அதன் வால்வை முழுக்க அடைத்து, பிறகு கால் சுற்றுத் திறந்தால் போதும், மிச்சம் கடைசிவரை போகும்.

ஸ்பேனர் நான்கு சுற்று சுற்றி நின்றது. வால்வு முழுக்க மூடிக்கொண்டது. மியூரியல் செருப்புக் குதிகாலை ஸ்பேனரின் மேல் வைத்தாள்.

“எடு” என்றாள் எட்னா.

“எடுக்கலைன்னா?”

“இப்படியே விட்டுட்டுப் போவேன். உன் பாதிரியார் வந்து விறைக்கட்டும்.”

கால் விலகியது. எட்னா கால் சுற்றுத் திறந்துவிட்டு எழுந்தாள். நடையில் இருந்த ரேடியேட்டரையும் சமையலறையில் இருந்ததையும் அரைச் சுற்றில் நிறுத்தினாள். பிறகு மாடியேறிக் கட்டிலில் உட்கார்ந்து குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

முக்கால் மணி நேரத்தில் குழாய் கையைச் சுட்டது. கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டரின் தலை சுட்டது, பிறகு அடியும். எட்னா கோட்டைக் கழற்றினாள்.

மியூரியல் கதவருகே வந்து நின்றாள்.

“வீடு வேண்டாம்னு எழுதப் போறேன்” என்றாள் எட்னா.

“நீ போயிடுவேன்னு இந்த ஜன்னலுக்குப் புதுத் திரை தைச்சு வச்சிருக்கேன்.”

“கொண்டா, மாட்டிடலாம். குளிர் உள்ளே வராது.”

மியூரியல் படியிறங்கும்போது ஒவ்வொரு படியையும் ஓங்கி மிதித்து இறங்கினாள்.

மறுநாள் புதன்கிழமை. வெளியே உறைபனி. ஏழு மணிக்கு எட்னாவின் ரேடியேட்டர் ஆறிப்போயிருந்தது. முன்னறை வால்வு முழுக்கத் திறந்திருந்தது. பித்தளையில் குறடு கடித்த தடம். அவள் அதை அடைத்துக் கால் சுற்றுத் திறந்தாள். ஒன்பது மணிக்கு அறை சூடானது. பத்து மணிக்கு வீடு வேண்டாமென்ற கடிதத்தைத் தபாலில் போட்டாள். திரும்பும் வழியில் ரொட்டி வாங்கினாள். மத்தியானம் வால்வு மறுபடி திறந்திருந்தது. மறுபடி அடைத்தாள்.