கை இறங்குமுன் விழுகிறவர்

“அய்யா, வேணாங்கய்யா! பிள்ளைகுட்டிக்காரன்யா! விட்டுடுங்கய்யா!” என்று விடிந்ததும் விடியாததுமாக ஒரு குரல் அலறினால், அந்தக் குடியிருப்பில் யாரும் போர்வையைக்கூட விலக்குவதில்லை. மூன்றாம் மாடிக்காரர் பல் துலக்கி முடித்துவிட்டார் என்று புரிந்துகொள்கிறார்கள். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டம்மாள் மட்டும் முதல் நாள் துடைப்பத்தோடு ஓடிவந்து கதவை இடித்தார். கழுத்தில் துண்டோடு கதவைத் திறந்தவர் சாவகாசமாகச் சொன்னார்: “ஒண்ணுமில்லம்மா. தொழில்.”

அடி வாங்குவதுதான் அவருடைய தொழில். சினிமாவில் போலீஸ் ஸ்டேஷன் வந்தால் உள்ளே ஒருவன் அடி வாங்கியாக வேண்டுமே! படத்தில் வருகிற போலீஸ்காரர் யோக்கியராக இருந்தாலும் சரி, ஊரையே விற்றுத் தின்கிறவராக இருந்தாலும் சரி, அறை என்னவோ இவருக்குத்தான். சொந்தப் பெயர் சம்பளம் வாங்கும்போது மட்டும்தான் பயன்படும். மற்ற நேரமெல்லாம் அவர் பெயர் ‘லாக்கப்’தான்: “லாக்கப் வந்தாச்சா? மேக்கப் போட்டாச்சா?”

வேலை பார்ப்பதற்குச் சுலபம்போல இருக்கும். ஓங்கிய கை கன்னத்தை நெருங்குமுன்பே தலை திரும்பிவிட வேண்டும். கை காற்றோடு போய்விடும்; விழுவது மட்டும் நிஜம். முழங்காலில் கட்டிக்கொள்ளும் திண்டை வீட்டம்மாவின் பழைய தலையணையைப் பிரித்து அவரே தைத்துக்கொண்டார். “அடிக்கிறவன் நடிக்கவே வேணாம் சார்,” என்பார் உதவி டைரக்டர்களிடம். “வாங்குறவன் ஒழுங்கா வாங்கினாப் போதும். பூனைக்குட்டிக்குத் தொப்பி மாட்டி விடுங்க, அதையும் இன்ஸ்பெக்டரா காட்டிடறேன்.” அவர்கள் சிரித்துவிட்டு ஏதாவது பதில் சொன்னால், உடம்பை முழுக்கத் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்பார். இடது காது கேட்காது.

அது எப்படிப் போனது என்று கேட்டால் ஆயத்தமாக ஒரு கதை வைத்திருக்கிறார். பெரிய நடிகர் ஒருவர், அவசரக்காரர், தாளம் தப்பி நிஜமாகவே அறைந்துவிட்டாராம். “ஷூட்டிங்ல இதெல்லாம் சகஜம்.” வீட்டம்மா அதை அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து அந்த நடிகர் டிவியில் தோன்றினாலே சேனல் மாறும். “அந்தக் கட்டையில போறவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!” பாவம், அந்த நடிகர். இவரைத் தொட்டதுகூட இல்லை. ஒரு தடவை டீ வாங்கிக் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம்.

உண்மையில் நடந்ததைச் சினிமாவில் வைத்தால்கூட யாரும் நம்பமாட்டார்கள். ஒரு மதியம், ஷூட்டிங் சீக்கிரம் முடிந்து, டீக்கடை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். மாமூல் வாங்க இன்ஸ்பெக்டர் வந்தார். நிஜ இன்ஸ்பெக்டர். “இந்த மாசம் முடியாதுங்க” என்று கடைக்காரர் கையைப் பிசைந்தார். அவரை அறைய இன்ஸ்பெக்டர் கையை ஓங்கினார். நடுவில் நின்ற நம்மவருக்கு ஓங்கிய கை மட்டும்தான் தெரிந்தது. வருஷக்கணக்கான பழக்கம், உடம்பு சும்மா இருக்குமா? தலை திரும்பிவிட்டது, டம்ளர் பறந்தது, “அய்யா, பிள்ளைகுட்டிக்காரன்யா!” என்று அடித்தொண்டையில் அலறியபடி தரையில் விழுந்து உருண்டார். கை இன்னும் இறங்கவே இல்லை.

தெருவே சிரித்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் கைதட்டினார்கள். இன்ஸ்பெக்டரின் கை மட்டும் அந்தரத்தில் நின்றது. அதை அப்படியே கீழே இறக்கிக்கொண்டு போக அந்த மனுஷனால் முடியவில்லை.

“நல்லா நடிக்கிறியே. உள்ள வந்து நடி” என்று ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே தலையைத் திருப்ப இருவர் விடவில்லை. கேமரா முன்னால் அத்தனை கணீரென்று வருகிற குரல் அங்கே வரவே இல்லை. தொண்டைக்குள் ஒரு காற்று மட்டும் வந்து வந்து போனது. இடது காதுக்குள் ஏதோ கிழிந்தது. அடித்தவருடைய முகம் இப்போது அவருக்குச் சரியாக நினைவில்லை. மறக்காதது மூலையில் மேஜை போட்டு எழுதிக்கொண்டிருந்த இன்னொருவர். அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை, தலையை நிமிர்த்தவும் இல்லை. ஒரே ஒருமுறை, “டீ சொல்லியாச்சா?” என்று யாரையோ கேட்டார்.

வீட்டில் சொல்ல வெட்கம். ஊரையே நம்பவைத்து விழுகிறவர், நிஜ அடியில் ஒரு சத்தம்கூடப் போட முடியாமல் கிடந்ததை எந்த வாயால் சொல்வது? அதனால்தான் நடிகர்மேல் பழி.

அந்தப் பொய்யை நம்பி வளர்ந்தவள் மகள். சின்னதில் அப்பாவோடு தியேட்டருக்குப் போய், திரையில் அவரை அடிக்கிற போலீஸைப் பார்த்து இருக்கைமேல் ஏறி நின்று கத்துவாள்: “நான் பெரிய போலீஸ் ஆகி உங்க எல்லாரையும் பிடிப்பேன்!” எல்லாக் குழந்தையும் சொல்வதுதானே என்று இவரும் சிரித்தார். அவள் ஓடிப் பழகினாள், பரீட்சை எழுதினாள், பயிற்சிக்குப் போனாள். நாளை ஸ்டேஷனில் வேலைக்குச் சேர வேண்டும்.

ஒரு வாரமாக அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தன் பிள்ளை யாரையும் கைநீட்டி அடிக்கமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். பயம் அதுவல்ல. அந்த மூலை மேஜைதான் பயம். நல்லவர்களை அங்கேதான் உட்காரவைப்பார்கள். தலையைக் குனிந்துகொண்டு வேலை பார்க்கப் பழகிவிட்டால், அதற்கப்புறம் அவள் நிமிர்வாளா? சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை அவள் அறை வாசல்வரை போனார். “என்னப்பா?” என்றாள். “ஒண்ணுமில்ல, ஃபேனை நிறுத்தினியான்னு பார்த்தேன்” என்று திரும்பிவிட்டார்.

இன்று மாலை அவள் இஸ்திரி போட்ட காக்கி உடுப்போடு கூடத்துக்கு வந்தாள். தொப்பி, பெல்ட், பளபளக்கும் ஷூ. அம்மா கையைச் சொடுக்கித் திருஷ்டி கழித்தார். இவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். பெருமையில் கண் கலங்கியது உண்மைதான்.

“முதல் சல்யூட் உங்களுக்குத்தாம்ப்பா!” என்று விறைத்து நின்று, விருட்டென்று வலது கையைத் தூக்கினாள்.

அவர் தலை திரும்பிவிட்டது. முழங்கால் மடங்கியது. நாற்காலியைப் பிடித்திராவிட்டால் விழுந்தே இருப்பார். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

“பாரு, வீட்டுலயும் நடிப்பு!” என்று அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

மகள் சிரிக்கவில்லை. தினமும் விடியற்காலையில் அந்த அலறலைக் கேட்டு வளர்ந்தவள் அவள். இது அது இல்லை. தூக்கிய கை தொப்பியோரத்திலேயே நின்றது. “அப்பா,” என்றாள் வலது காதுப் பக்கம் வந்து. “அந்தக் காது ஷூட்டிங்ல போகலைல்ல?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“அப்போ அந்த ஹீரோ?” என்றார் அம்மா, சிரிப்பு பாதியில் நின்றுபோய். “அந்தப் புள்ளையையா இத்தனை வருஷமா கரிச்சுக் கொட்டினேன்?”

அவர் மகளின் கையைத் தொப்பியோரத்திலிருந்து மெல்லப் பிடித்து இறக்கி, அந்த உள்ளங்கையைத் தன் இடது காதின்மேல் வைத்து, இரண்டு கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.