எண்ணிக்கையில் விடுபட்டவர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, தீபாராதனைத் தட்டைக் கீழே வைத்த நேரத்தில், அஸ்தினாபுரத்திலிருந்து செல்வியம்மாள் தொலைபேசியில் அழைத்தார். "சார், அவரு பூட்டாரு" என்றார். அவர் கணவர் தேவராஜை மோட்டார் பழுதுபார்க்கும் கடைக்காரராக, இந்த அஞ்சலியைப் படிக்கும் நீங்கள் அறிவீர்கள். நான் அவரைத் தீயணைப்புத் தன்னார்வலராக அறிவேன்; அவர் தொண்டு செய்த நிலையத்தின் அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "எஞ்சாவுக்கு யூனிபாரத்துல நாலு பேர் வருவாங்கன்னு சொல்லிகினே இருந்தாரு. வருவாங்களா சார்?" என்று அந்த அம்மாள் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

எங்கள் நிலையத்தில் சம்பளம் பெறும் வீரர்களும் உண்டு, அழைத்தால் ஓடிவரும் தன்னார்வலர்களும் உண்டு. நெருப்பு இரு சாராரையும் பிரித்துப் பார்த்ததில்லை, நாங்கள்தாம் பார்த்தோம். வீரர்கள் தீயணைப்பு வண்டியில் ஏறுவார்கள். தன்னார்வலர்கள் தத்தம் ஸ்கூட்டரில் பின்னால் வருவார்கள். ஒருமுறை தேவராஜ் வண்டியின் படியில் கால்வைத்தபோது, இடமில்லை என்று இறக்கிவிட்டேன். "வண்டில எடமில்லன்னா இன்னா சார், நெருப்பாண்ட எடம் கீது இல்ல?" என்று சிரித்தார். எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்து, அந்தத் தெருவின் கிணறு எங்கே என்று எங்களுக்குக் காட்டியவரும் அவரே.

வண்டலூர் அருகே ஒரு மெத்தைக் கிடங்கு தீப்பிடித்த பிற்பகலில், பின்வாசல் வழியே உள்ளே போய் மெயின் சுவிட்சை அணைக்கும்படி அவரை அனுப்பினேன். சிறிது நேரத்தில் கூரை முறியத் தொடங்கியது. விசில் ஊதி எல்லோரையும் வெளியே அழைத்தேன். எங்கள் வழக்கப்படி, வண்டியில் வந்தோரின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களை எண்ணினேன். நின்றவர்கள் ஆறு பேர். பட்டியலிலும் ஆறு பேர். "சரியாக இருக்கிறது" என்று சொல்லி, காற்றுப் புகாதபடி இரு பக்க இரும்புக் கதவுகளையும் மூடச் சொன்னேன். அனுப்பியவன் நானே, மறந்தவனும் நானே. பட்டியலில் இல்லாத பெயர் என் நெஞ்சிலும் இல்லை.

பின்கதவை உள்ளிருந்து யாரோ தட்டினார்கள். திறந்தபோது தேவராஜ் தவழ்ந்து வந்தார். "இன்னா சார், எண்ணி முட்சிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு இருமத் தொடங்கினார். அந்த இருமல் சென்ற செவ்வாய்க்கிழமைதான் நின்றது.

அறிக்கையில், ஆறு பேர் உள்ளே சென்றதாகவும் எவருக்கும் தீங்கில்லை என்றும் எழுதினேன். என் பதவி உயர்வு நெருங்கியிருந்தது. பின்னர் ஒருநாள் தேவராஜ் என் வீட்டுக்கு வந்தார். "வேற ஒண்ணும் வாணாம் சார். நானும் உள்ள போனேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வேடிக்க பாக்கப் போயி பொகயக் குடிச்சேன்னு எம்பொண்ணு நெனச்சிகினு கீது" என்றார். பார்க்கலாம் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை. நாள்தோறும் அக்கினியைச் சான்றாக அழைத்து மந்திரம் சொல்லும் வாய் இது. அதே அக்கினி கண்டதை மறைத்த வாயும் இதுதான்.

செல்வியம்மாளுக்காக நிலையத்தில் விசாரித்தேன். இப்போதைய அலுவலர் பணிவாகத்தான் பேசினார். "ரெக்கார்டுல அவர் பேரே இல்லையே சார். நீங்க எழுதின ரிப்போர்ட்தான் சார் அது." நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். சீருடையில் எவரும் வரவில்லை. மஞ்சள் தலைக்கவசம் அணிந்த தன்னார்வலர்கள்தாம் அவரைச் சுமந்தார்கள். "ஃபயர் ஸ்டேஷன்லேந்து நீங்க மட்டும்தான் வந்தீங்களா சார்?" என்று மகள் கேட்டாள்.

மறைந்தவரைப் புகழ்வது மரபு. அதற்கும் ஓர் அருகதை வேண்டும். எனக்கு அது இல்லை. அவரிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது பின்கதவில் கேட்ட அந்த ஓசை மட்டுமே. அவர் கேட்ட ஒரு வரியை, அவர் மகள் படிப்பதற்காக, இங்கே எழுதுகிறேன். அன்று உள்ளே சென்றவர்கள் ஏழு பேர், ஏழாமவர் தேவராஜ், அவர் உள்ளே இருக்கக் கதவை மூடச் சொன்னவன் நான்.